‘நைஸ்’ படும் பாடும், படுத்தும் பாடும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி

நம் கல்லூரி வளாகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘நைஸ்’ என்ற சொல் ஒலிக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? தோழி புதுச் சுடிதார் அணிந்து வந்தால் நைஸ். கேண்டீனில் வடை சூடாகக் கிடைத்தால் நைஸ். கவியரங்கத்தில் நண்பர் கவிதை படித்தாலும் நைஸ். நேரமாகிவிட்டதென்று அதைப் பாதியில் நிறுத்தினாலும் நைஸ்! நல்லது, அழகானது, சுவையானது, அன்பானது, வசதியானது ஆகிய அனைத்துக்கும் ஒரே சொல். இத்தனை சுமையையும் தாங்கிக்கொண்டு எப்படித்தான் அந்தச் சின்னஞ்சிறு சொல் இன்னும் நிமிர்ந்து நிற்கிறதோ!

இந்தச் சொல்லின் மீது எனக்கு ஒரு தனிப்பட்ட கோபம் இருந்தது. அந்தக் கோபமே என்னை அகராதியிடம் அழைத்துச் சென்றது. அகராதி என் கோபத்தைத் தணித்துவிட்டு, வேறொரு சிந்தனையைக் கையில் கொடுத்து அனுப்பியது. அந்தச் சிந்தனையைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கோபம் வந்த கதை

முதலாம் ஆண்டின் தொடக்கம். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவள் நான். ஒரு நாள் வகுப்பில் ‘சர்ஃபேஸ் டென்ஷன்’ பற்றிப் பாடம் நடந்தது. ‘டென்ஷன்’ என்றால் எனக்குத் தெரியும். தேர்வுக்கு முன்னால் நமக்கு வருவது. பேருந்து வரத் தாமதமானால் அப்பாவுக்கு வருவது. தண்ணீருக்கு என்ன டென்ஷன் வந்துவிடும் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதே கரும்பலகை நிறைந்து, அழிக்கப்பட்டு, மறுபடியும் நிறைந்துவிட்டது. இறுதியில், “அண்டர்ஸ்டுட்?” என்ற கேள்வி வந்தது. எல்லாத் தலைகளும் ஆடின. என் தலையும் ஆடியது. மற்றவர்களைவிடச் சற்று வேகமாகவே ஆடியது. “நைஸ்! வெரி நைஸ்!” என்று மகிழ்ந்து வகுப்பை முடித்தார் ஆசிரியர்.

அடுத்து வந்த தேர்வில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் 25க்கு 3. அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. ஆய்வகத்தில் நுண்ணிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக ஏறுவதைப் பார்த்தபோதுதான் உண்மை உறைத்தது. அட, இது ‘பரப்பு இழுவிசை’ அல்லவா? பதினோராம் வகுப்பில் படித்து, தேர்வில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேனே! எனக்குத் தெரிந்த பாடத்தையே தெரியாத பாடமாக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் தலையாட்டினேன், என் தலையாட்டலுக்கு ‘நைஸ்’ என்று பட்டமும் வாங்கினேன்.

அன்று மாலை நூலகத்திற்குப் போய், பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். அது எங்கிருந்துதான் வந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பு.

அகராதி சொன்ன கதை

நைஸ் என்பதற்கு முதற்பொருள் என்ன தெரியுமா, தோழர்களே? ‘ஒன்றும் தெரியாத’ என்பதுதான்!

இலத்தீன் மொழியில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘நே’ என்றால் இல்லை. இரண்டும் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து, ‘நீஸ்’ போன்ற ஒலியுடன், பேதையானவன் என்ற பொருளைப் பெற்றது. பிரெஞ்சிலிருந்து ஏறத்தாழ 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் குடிபுகுந்தது. 1400இல் மறைந்த சாசர் என்ற பெருங்கவிஞர் இச்சொல்லை முட்டாள்தனத்தைக் குறிக்கவே எடுத்தாண்டிருக்கிறார். அவர் காலத்தில் ஒருவரைப் பார்த்து “நீங்கள் ரொம்ப நைஸ்” என்று சொல்லியிருந்தால், சொன்னவர் முதுகு பத்திரமாக இருந்திருக்காது!

பிறகு அந்தச் சொல் நடந்த நடை வியப்புக்குரியது. பேதை என்பதிலிருந்து கூச்சமுள்ளவர் என்றாயிற்று. அதிலிருந்து, எதிலும் எளிதில் திருப்தியடையாமல் குறை காண்பவர் என்றாயிற்று. மென்மையானது, நொய்மையானது என்றாயிற்று. 1590களில் எழுதப்பட்ட ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் சேக்ஸ்பியர் ஒரு சண்டையை ‘நைஸ்’ என்கிறார். இனிமையான சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். அற்பக் காரணத்துக்காக எழுந்த சண்டை என்பது பொருள். 1500களிலேயே நுணுக்கமானது, துல்லியமானது என்ற பொருளும் வந்து சேர்ந்துவிட்டது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி, நுட்பமாகத் தீர்மானிக்கும் துல்லியத்தையே இச்சொல்லுக்குரிய பொருளாக முன்னிறுத்துகிறது. மயிரிழை வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஆங்கிலத்தில் இன்றும் கூறுவது அந்தப் பொருளின் எச்சமே.

‘இனிய’ என்ற இன்றைய பொருள் 1700களின் பிற்பகுதியில்தான் பரவலாகத் தலைகாட்டுகிறது. ‘அன்பான’ என்பது அதற்கும் பின்னால், 1800களில். அப்போதே அதைக் கிண்டல் செய்யவும் ஆள் வந்துவிட்டார். ஜேன் ஆஸ்டின் எழுதி, அவர் மறைந்த 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ என்ற நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று புகழும் கதாநாயகியை ஹென்றி என்ற இளைஞன் கேலி செய்கிறான். எதற்கெடுத்தாலும் இந்த ஒரு சொல்தானா என்பதே கேலியின் சாரம். 1926இல் ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய ஃபௌலர் என்பவரும், இச்சொல் தன் தனித்தன்மையை இழந்துவிட்டதென்று குறைப்பட்டு, பழியைப் பெண்கள் மீது போட்டுவிட்டார். ஆனால் அவருக்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு பெண்தான் அதைச் சுட்டிக்காட்டி நகைத்திருக்கிறார் என்பதை அவருக்கு யாராவது நினைவூட்டியிருக்கலாம்!

இவ்வளவும் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அத்துடன் என் கோபம் பறந்தது. ‘சயன்ஸ்’ என்ற சொல்லும் அதே ‘ஸ்கீரே’யிலிருந்து பிறந்ததுதான். அறிதல், சயன்ஸ். அறியாமை, நைஸ். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! பி.எஸ்ஸி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வந்திருக்கும் நான், அதன் எதிர்ப்பதத்தைப் பாராட்டாக வாங்கிக்கொண்டு பூரித்துப் போயிருக்கிறேன்!

அறிதல் என்ற அந்த வேருக்கும் அடியில் பிரித்தல், வெட்டுதல் என்ற கருத்து இருந்திருக்க வேண்டும் என்று மொழி ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பார்ப்பதே அறிவு. நம் தமிழில் இதை விளக்கவே வேண்டியதில்லை. பகுத்தறிவு என்ற சொல்லே விளக்கம்!

அம்மாவின் நைஸ்

வீட்டுக்கு வந்தேன். அம்மா இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர் அவர். கிரைண்டரில் கைவிட்டு, மாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இட்லிக்கு அரிசி கொஞ்சம் கொரகொரன்னு இருக்கணும்டி. உளுந்துதான் நைஸா இருக்கணும். தொட்டுப் பாரு.”

நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அம்மாவுக்குத் தெரிந்த வேறுபாடு என் விரலுக்குத் தெரியவில்லை. ஆய்வகத்தில் வெர்னியர் அளவி 0.01 சென்டிமீட்டர் வரை காட்டுகிறது. திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் வரை காட்டுகிறது. அம்மாவின் விரலுக்கு மீச்சிற்றளவு எவ்வளவோ, யார் கண்டார்! ஆனால் ஒன்று உறுதி. ஆங்கில எழுத்து ஒன்றுகூட அறியாத என் அம்மா, நைஸ் என்ற சொல்லை ஜான்சன் அகராதிக்கு நெருக்கமான பொருளில், நுணுக்கம் என்ற பொருளில், அன்றாடம் வழங்கி வருகிறார். கல்லூரிக்குப் போகும் நான்தான் அதை வடைக்கும் வண்ணத் துணிக்கும் வாரி இறைக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு சபலம் தோன்றியது. தமிழில் ‘நை’ என்றே ஒரு வினை இருக்கிறதே! நைதல், நைந்துபோதல், நையப் புடைத்தல். அரைபட்டு மெலிவதுதான் நைவது. அப்படியானால் நைஸ் நம்மிடமிருந்து போனதா? ஆசைப்பட்டால் போதுமா? ஒலி ஒத்துப்போவதனால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது. பிரான்சின் தென்கரையில் ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நைஸ் என்பதற்குள்ள அதே எழுத்துகள்தாம். ஆனால் அது நிக்காயா என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது, வெற்றியோடு தொடர்புடையது, அறியாமையோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. எழுத்தே ஒத்திருந்தும் உறவில்லை என்றால், ஒலி ஒப்புமையை நம்பிப் பெருமை பேசுவது எப்படி? சான்று இல்லாத பெருமை நமக்கு வேண்டாம்.

வேறு ஒரு தமிழ் வழக்கு இதைவிடக் கவனிக்கத்தக்கது. “நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துவிட்டான்” என்கிறோம். “நைஸாக நழுவிவிட்டான்” என்கிறோம். இந்தத் தந்திரப் பொருள் ஆங்கில அகராதியின் படிகளில் எங்கும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே ‘நைச்சியம்’ என்ற சொல் இருக்கிறது. வடமொழியில் தாழ்வைக் குறிக்கும் சொல்லின் வழியாக வந்தது அது. இறைவன் முன்னால் அடியவர் தம்மைத் தாழ்த்திக் கூறிக்கொள்வதை வைணவப் பெரியோர் ‘நைச்சியானுசந்தானம்’ என்பர். அத்தகைய உயர்ந்த இடத்தில் இருந்த சொல், நாளடைவில் ‘நைச்சியமாகப் பேசி’ ஆளைக் கவிழ்ப்பது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த நைச்சியத்தின் சாயல்தான் நம் ‘நைஸாக’ என்பதிலும் படிந்திருக்குமோ என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை அல்லவா?

ஒன்று மட்டும் தெளிவு. சொற்கள் மாறும். அது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. ஒரு காலத்தில் மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. கள்ளின் மயக்கத்தைக் குறித்த ‘களிப்பு’ இன்று தூய மகிழ்ச்சியைக் குறிக்கிறது. இவற்றை இழிபொருட்பேறு, உயர்பொருட்பேறு என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆகவே, ஆங்கிலச் சொல் ஒன்றைச் சற்றுப் பிசகாகச் சொல்லிவிட்டவரைப் பார்த்து நகைக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த மொழியே ‘முட்டாள்’ என்ற சொல்லை ‘இனியவர்’ என்று மாற்றிக்கொண்டு வாழும் மொழிதான். கொஞ்சம் நிதானமாக நகையுங்கள்!

மடமும் நைஸும்

இனி, எனக்கு உண்மையாகவே உறுத்தும் இடத்துக்கு வருகிறேன்.

அறியாமையைக் குறித்த ஒரு சொல் பாராட்டாக மாறியது எப்படி? மொழியறிஞர்கள் அதன் படிகளைக் காட்டுவார்கள். ஆனால் தமிழ்ப் பெண்ணாகிய எனக்கு அது அத்துணை அதிசயமாகத் தோன்றவில்லை. ஏனென்றால், அதே அதிசயம் நம்மிடமும் நடந்திருக்கிறது.

பெண்ணுக்குரிய குணங்களாக அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கைச் சொல்வது நம் மரபு. தொல்காப்பியம் அச்சம், நாணம், மடம் என மூன்றைக் கூறுகிறது. இவற்றுள் மடம் என்பது என்ன? மடமை, மடையன் என்பவற்றில் உள்ள அதே மடம்தான். அறியாமை! பிறர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாமல் பற்றி நிற்பது என்று உரையாசிரியர் அதற்கு நயமாக விளக்கம் தந்தனர். எப்படி விளக்கினால் என்ன? ஆணிடம் இருந்தால் வசை. பெண்ணிடம் இருந்தால் அணி!

எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர் ஒருவர் என்னைப் பற்றி அம்மாவிடம் சொல்வார்: “உங்க பொண்ணு ரொம்ப நைஸ். வாயே திறக்க மாட்டா.” பாருங்கள், ஐரோப்பாவில் பிறந்த ஒரு சொல் எழுநூறு ஆண்டு சுற்றிவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் தன் பழைய பொருளோடு வந்து அமர்ந்துவிட்டது! வாய் திறக்காதவள் நைஸ். கேள்வி கேட்காதவள் நைஸ். வகுப்பில் தலையாட்டுபவள் நைஸ். ஆண் மாணவர்களும் மகிழ்ந்துவிட வேண்டாம். வகுப்பறை என்று வந்துவிட்டால் நாம் எல்லோருமே மடம் பூண்டவர்கள்தாம்.

எழுதிக் காட்டிய அறியாமை

தலையாட்டுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதிக நட்டமில்லை. வகுப்பில் விட்டதை வீட்டில் அண்ணனிடமோ அத்தையிடமோ கேட்டுக்கொள்ளலாம். என் வீட்டில் யாரைக் கேட்பது? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் எத்தனையோ பேர். எங்களுக்குக் கேள்வி கேட்பதற்கென்று உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது இந்த வகுப்பறை. இங்கேயும் வாயை மூடிக்கொண்டால், அந்தக் கேள்வி எங்களோடு பேருந்தேறி ஊருக்கு வந்து, எங்களோடு உறங்கி, எங்களோடேயே அழிந்துபோகும். பேதை என்று பிறர் எண்ணிவிடுவாரோ என்ற கூச்சத்தில், பேதையாகவே இருந்துவிடுகிறோம்.

இந்தக் கூச்சத்துக்கு மருந்து எங்கே இருக்கிறது? நம் ஆய்வகக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கிறோம். விடையை எழுதுகிறோம். அதோடு முடிந்ததா? இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பிழையின் எல்லையையும் எழுதினால்தான் அந்த அளவுக்கு மதிப்பு. அதாவது, எனக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். அறியாமையை மறைப்பவன் பேதை. அறியாமையை அளந்து எழுதுபவன் விஞ்ஞானி. நைஸ் என்ற சொல் அறியாமையிலிருந்து துல்லியத்துக்கு வந்து சேர்ந்த வழியை மொழியறிஞர் எப்படி விளக்கினாலும், ஒரு மாணவிக்கு அந்தப் பயணத்தில் கிடைக்கும் பாடம் இதுதான். ‘தெரியவில்லை’ என்று துல்லியமாகச் சொல்லத் தெரிவதே முதல் படி.

இரண்டு விண்ணப்பங்கள்

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான விண்ணப்பம் ஒன்று. பாடப்பகுதி பெரிது, காலம் சிறிது என்பதை நாங்கள் அறிவோம். ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிப்பது எளிதன்று என்பதையும் அறிவோம். ஆயினும், பாடத்தின் முடிவில் “புரிந்ததா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “எந்த இடம் புரியவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். முதற்கேள்விக்குத் தலையாட்டினால் போதும். இரண்டாம் கேள்விக்குத் தலையாட்ட முடியாது. வாய் திறந்தே தீர வேண்டும். நாங்கள் தமிழில் கேட்டாலும் பொறுத்தருளுங்கள். ‘டென்ஷன்’ என்பது இழுவிசைதான் என்ற ஒரு சொல் விளக்கம், எங்களில் ஒருத்திக்கு ஒரு பருவத்தையே மீட்டுத் தரக்கூடும்.

தோழர்களுக்கும் தோழியர்க்கும் இன்னொரு விண்ணப்பம். பக்கத்தில் இருப்பவர் எழுந்து சந்தேகம் கேட்டால் சிரிக்காதீர்கள். அவர் கேட்பது அவருடைய கேள்வி மட்டுமன்று. பெரும்பாலும் அது உங்கள் கேள்வியும்தான். அவர் உங்களுக்காகவும் சேர்த்து எழுந்து நிற்கிறார். பாராட்டும்போதும் சற்றே சிக்கனமும் துல்லியமும் காட்டுவோம். நண்பரின் கவிதை நன்றாக இருந்தால் எந்த அடி நன்றாக இருந்தது என்று சொல்வோம். வடை நன்றாக இருந்தால், மொறுமொறுப்பா, உப்பா, மிளகா என்று சொல்வோம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் சொல்வதில்லை.

இந்த ஆண்டு நான் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அன்றன்று எனக்கு விளங்காத சொற்களைத் தேதியிட்டு எழுதுகிறேன், விளங்கியதும் அடித்துவிடுகிறேன். முதல் மாதத்தில் பக்கம் நிரம்பி வழிந்தது. இப்போதும் நிரம்புகிறது, ஆனால் அடித்தவை அதிகமாகி வருகின்றன. அந்தப் பக்கத்திற்கு நான் இட்டிருக்கும் தலைப்பு ‘நைஸ்’.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “உளுந்து அரைக்கிறதுக்கு இவ்வளவு கதையா?” என்றார். பிறகு என் விரலைப் பிடித்து மாவில் வைத்து, “இப்ப சொல்லு, நைஸா இருக்கா?” என்று கேட்டார்.

தலையாட்டவில்லை நான். “தெரியலைம்மா, இன்னொரு தடவை காட்டு” என்றேன்.